நோயாளியிடம் என்ன மாறியது? செவிலியர் உரிமத் தேர்வுக்கு முடிவெடுக்கும் திறனைப் பழகும் முறை

வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் உள்ள மருத்துவமனைகளில் டியூட்டி பார்த்துக்கொண்டே, கணவரோ உறவினரோ அமெரிக்காவில் இருப்பதால் அங்கே செவிலியர் உரிமம் பெற முயலும் சிலர், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் காட்பாடியில் என் வீட்டுக்கு வந்து என்கிளெக்ஸ்-பி.என். தேர்வுக்குப் படிக்கிறார்கள். அவர்கள் அனைவரும் சொல்லும் குறை ஏறக்குறைய ஒன்றுதான்: "செல்போனில் இரண்டாயிரம் கேள்வி போட்டு முடித்துவிட்டேன் மேடம், ஆனால் கேஸ் ஸ்டடி வந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை." இன்னும் ஆயிரம் கேள்விகளைப் போடுவதால் இந்தக் குறை தீராது. கேள்விகளைக் குறைத்துக்கொண்டு, ஒரே ஒரு நோயாளியை நிதானமாகப் பார்க்கப் பழகுவதே இதற்கு வழி என்பது என் அனுபவம். அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.என். என்பது பிராக்டிகல் நர்ஸ். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இப்பணியில் இருப்பவரை எல்.பி.என். (லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ்) என்பார்கள், டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் எல்.வி.என். (லைசென்ஸ்டு வொகேஷனல் நர்ஸ்) என்பார்கள். உரிமம் வழங்குவது அந்தந்த மாநிலத்தின் செவிலியர் வாரியம் என்பதால், உங்கள் ஏ.என்.எம். அல்லது ஜி.என்.எம். படிப்பு ஏற்கப்படுமா என்பதை நீங்கள் போகவிருக்கும் மாநில வாரியத்திடமே முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தேர்வு கணினியில் நடக்கிறது. குறைந்தது 85 கேள்விகளும் அதிகபட்சம் 150 கேள்விகளும் வரும். மொத்தம் 5 மணி நேரம் தரப்படும். நீங்கள் அளிக்கும் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் கூடும் அல்லது குறையும், விடையளித்த கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய வடிவத்தில், ஒரே நோயாளியைப் பற்றிய 6 கேள்விகள் கொண்ட கேஸ் ஸ்டடிகள் சேர்க்கப்பட்டுள்ளன. மதிப்பெண்ணுக்குரியவையாக அப்படி மூன்று கேஸ் ஸ்டடிகள் எல்லோருக்கும் வரும்.

அந்த 6 கேள்விகளும் 6 படிகளைத் தொடர்கின்றன. நோயாளியிடம் தெரியும் குறிகளில் முக்கியமானவற்றைக் கண்டுகொள்வது, அக்குறிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பொருள் காண்பது, சாத்தியமான காரணங்களில் எது அதிக ஆபத்தானது என்று முடிவு செய்வது, என்னென்ன செய்யலாம் என்று யோசிப்பது, செய்வது, செய்ததால் பலன் கிடைத்ததா என்று பார்ப்பது ஆகியவையே அவை. அனுபவமுள்ள செவிலியர் இவ்வளவையும் வார்டில் அரை நிமிடத்தில் செய்துவிடுகிறார். எக்ஸ்பிரஸ் வண்டி போலச் சிறு நிலையங்களில் நிற்காமல் போய்விடுவதால், இடையில் என்ன இருந்தது என்பது அவருக்கே தெரிவதில்லை. தேர்வோ ஒவ்வொரு நிலையத்திலும் வண்டியை நிறுத்திக் கேள்வி கேட்கிறது. ஆகவே பயிற்சிக் காலத்தில் நாமும் பாசஞ்சர் வண்டியாக மாறி எல்லா இடத்திலும் நின்று போக வேண்டும்.

நோட்டுப் புத்தகம்

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும், அன்று நீங்கள் பார்த்த நோயாளிகளில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், படுக்கை எண், ஊர் எதையும் எழுதக் கூடாது. வயது, நோய், எத்தனையாவது நாள் என்பவை போதும். பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் "முன்பு" என்றும் வலப்பக்கம் "இப்போது" என்றும் எழுதுங்கள். நாடி, பிரஷர், மூச்சு, காய்ச்சல், சிறுநீர், வலி, பேச்சு, தோலின் நிறமும் சூடும் ஆகியவற்றை இரண்டு பக்கமும் நிரப்புங்கள். பிறகு, இரு பக்கமும் வேறுபடும் வரிகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். நீங்கள் யோசிக்க வேண்டியவை அந்த அடிக்கோடிட்ட வரிகள் மட்டுமே.

இவ்வளவு எளிய வேலைக்கு நான் ஏன் இத்தனை முக்கியத்துவம் கொடுக்கிறேன் என்றால், பெரும்பாலோர் தவறுவது முதல் படியில்தான். தேர்வில் வரும் நர்ஸ் குறிப்பில் பத்துப் பதினைந்து தகவல்கள் இருக்கும். அவற்றில் நான்கைந்துதான் கவலைக்குரியவை. நாடி 96 என்பது பொதுவான எல்லைக்குள் இருக்கும் எண்தான். ஆனால் காலையில் 68 இருந்தவருக்கு மாலையில் 96 என்றால் அது ஒரு செய்தி. பிரஷர் 150/90 என்பது அதிகம்தான். ஆனால் பல ஆண்டுகளாக அவருக்கு அதுவே வழக்கம் என்றால், இப்போதைக்கு அது நம் முதல் கவலை அன்று.

எண்ணில் அடங்காத குறிகளையும் எழுதப் பழகுங்கள். "எனக்கு என்னமோ ஒரு மாதிரியா கீது சிஸ்டர்" என்று ஒரு பாட்டி சொன்னால், அதை அப்படியே அவருடைய சொல்லில் எழுதுங்கள். கூட இருக்கும் மகள், "நேத்து ராத்திரியிலிருந்து சம்பந்தமில்லாம பேசுது" என்று சொன்னால் அதுவும் குறிதான். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் வந்து தங்கும் இந்த ஊரில், மொழி தெரியாத நோயாளியின் முகத்தையும் மூச்சையும் கையசைவையும் பார்த்தே புரிந்துகொள்ளும் பழக்கம் நம் செவிலியர்களுக்கு உண்டு. அது பெரிய சொத்து. அதைச் சொல்லாக்கி எழுதத் தெரியாததுதான் குறை.

நான் பணியில் சேர்ந்த புதிதில், இரவு டியூட்டியில் ஒரு பெரியவர் ஓயாமல் புரண்டு, எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்குப் போக வேண்டும் என்று சத்தம் போட்டார். வயதானவர், புது இடம், அதனால்தான் இப்படி என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டு ஆறுதல் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து மூத்த சிஸ்டர் போர்வையை விலக்கிப் பார்த்தபோது, சிறுநீர்க் குழாய் அவருடைய தொடைக்கு அடியில் மடங்கியிருந்தது. பையில் ஒன்றும் இறங்கவில்லை, அடிவயிறு கல் போல் இருந்தது. குழப்பமும் அமைதியின்மையும் ஒரு குறி என்பதை நான் அன்றைக்குத்தான் கற்றேன். அந்த இரண்டு மணி நேரம் அவர் பட்ட வேதனையை இன்றும் மறக்க முடியவில்லை.

பார்க்காத இடத்தில் குறி இருக்கும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மழைக்காலத்துக்குப் பின் வரும் காய்ச்சல்களில் ஸ்க்ரப் டைஃபஸ் இங்கே புதிதன்று. பூச்சி கடித்த இடத்தில் வரும் அதற்குரிய கறுத்த பொருக்கு வலிக்காது என்பதால் நோயாளி அதைப் பற்றிச் சொல்லமாட்டார். அக்குளிலும் தொடையிடுக்கிலும் மார்பின் அடியிலும் நாம் தேடினால்தான் தெரியும். அமெரிக்கத் தேர்வில் இந்நோய் வருவது அரிது. ஆனாலும் தேடிப் பார்க்கும் கண்ணை இது வளர்க்கும்.

ஒரு நோயாளி, ஆறு நிறுத்தம்

இனி ஒருவரை எடுத்துக்கொண்டு முழுவதும் நடந்து பார்ப்போம். 62 வயது அம்மா; எடை 60 கிலோ; சர்க்கரை நோய் உண்டு; குடல் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். நேற்று மாலை நாடி 84, பிரஷர் 130/80, மூச்சு நிமிடத்துக்கு 18, காய்ச்சல் இல்லை, தெளிவாகப் பேசினார். இன்று காலை 6 மணிக்கு நாடி 112, பிரஷர் 104/62, மூச்சு 24, வெப்பம் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38.6 டிகிரி செல்சியஸ். கடந்த இரண்டு மணி நேரமாகச் சிறுநீர் மணிக்கு 20 மில்லி மட்டுமே இறங்கியிருக்கிறது. தோல் சூடாக இருக்கிறது. வயிற்றிலிருந்து வரும் டிரெயின் குழாயில் திரவம் கலங்கியிருக்கிறது. இது எந்த ஊர் என்று கேட்கிறார். வலி 10-க்கு 4. பழைய கால் ஆணி ஒன்று உள்ளது. மருமகள் கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட மறுத்துவிட்டார்.

முதல் நிறுத்தத்தில், மாறியவற்றை அடிக்கோடிடுகிறோம்: நாடி, பிரஷர், மூச்சு, வெப்பம், சிறுநீர், குழப்பம், டிரெயின். கால் ஆணி பழையது. இரண்டாம் நாளில் 4 அளவு வலி எதிர்பார்த்ததே. பசியின்மை கவனிக்கத்தக்கது, ஆனால் தனியாக அது எதையும் சொல்லாது. பிரஷர் 104/62 என்பதைத் தனியே பார்த்தால் பலர் விட்டுவிடுவார்கள். நேற்றைய 130-இலிருந்து இறங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தால் விடமாட்டார்கள்.

இரண்டாம் நிறுத்தத்தில், இந்தக் குறிகளை விளக்கக்கூடிய காரணங்களை எழுத வேண்டும். ஒன்றோடு நின்றுவிடாமல் குறைந்தது மூன்று காரணங்களை எழுதுங்கள் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். சர்க்கரை குறைந்திருக்கலாம், உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம், நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், தொற்றுக்கு எதிராக உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகளைப் பாதிக்கும் செப்சிஸ் ஆகியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று எழுதுங்கள். சர்க்கரை குறைந்தால் குழப்பமும் படபடப்பும் வரும், ஆனால் தோல் குளிர்ந்து வியர்த்திருக்கும், காய்ச்சலையும் கலங்கிய டிரெயினையும் அது விளக்காது. ரத்தக்கசிவில் நாடி ஏறி பிரஷர் இறங்கும். ஆனால் தோல் வெளுத்துக் குளிர்ந்திருக்கும், டிரெயினில் ரத்தம் கூடியிருக்கும். நுரையீரல் அடைப்பு திடீரென்று வரும்; மார்பு வலியும் ஆக்சிஜன் அளவின் வீழ்ச்சியும் பெரும்பாலும் முன்னால் நிற்கும். அடிக்கோடிட்ட எல்லா வரிகளையும் ஒரே கயிற்றில் கோப்பது செப்சிஸ்தான்.

மூன்றாம் நிறுத்தத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. மிகவும் பொருந்துவது எது என்ற கேள்வியும், எதை விட்டுவிட்டால் இவர் விரைவில் இறந்துபோவார் என்ற கேள்வியும் வேறு வேறு. செப்சிஸ்தான் முதன்மை என்று முடிவு செய்த பிறகும், சர்க்கரை நோயாளி குழம்பியிருந்தால் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. அதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. இந்த அம்மாவுக்கு 158 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காரணத்தை இப்போது அடித்துவிடலாம்.

நான்காம், ஐந்தாம் நிறுத்தங்களில்தான் நம் ஊரில் பயின்றவர்கள் தடுமாறுகிறார்கள். தேர்வு உங்களைப் பிராக்டிகல் நர்ஸாக மட்டுமே பார்க்கிறது. அங்கே ஒருவரை முதன்முதலாக முழுமையாகப் பரிசோதித்து மதிப்பிடுவதும், பராமரிப்புத் திட்டத்தை வகுப்பதும், நோயாளிக்கு முதன்முதலாகக் கற்பிப்பதும் பொதுவாக ஆர்.என். எனப்படும் பதிவுபெற்ற செவிலியரின் பொறுப்பு. பிராக்டிகல் நர்ஸ் தகவல் சேகரிக்கிறார், மாற்றத்தைத் தெரிவிக்கிறார், ஏற்கெனவே கற்பித்ததை வலியுறுத்துகிறார், நிலை சீராக உள்ளவர்களைப் பராமரிக்கிறார். இங்கே வார்டில் முப்பது பேரை ஒருவராகக் கவனித்து, எல்லா ஊசியையும் தானே போட்டுப் பழகியவருக்கு, "ஆர்.என்.-இடம் உடனே தெரிவிக்கவும்" என்ற விடை பொறுப்பைத் தட்டிக்கழிப்பது போலத் தோன்றும். அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆகவே இந்த அம்மாவுக்கு: அவரை விட்டு நகராமல் ஆர்.என்.-ஐ வரவழைத்து, முந்தைய எண்ணையும் இப்போதைய எண்ணையும் சேர்த்தே சொல்வது. ஆக்சிஜன் அளவைப் பார்ப்பது. நாடி, பிரஷர், மூச்சை அடிக்கடி எடுப்பது. விழுந்துவிடாமல் கட்டிலின் உயரத்தைத் தாழ்த்துவது. கட்டளை வந்ததும், கிருமியைக் கண்டறியும் ரத்தக் கல்ச்சர் பரிசோதனைக்கான மாதிரிகள், ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே எடுக்கப்படுவதைக் கவனிப்பது. பரிசோதனைக்காக ஆன்டிபயாடிக்கை நீண்ட நேரம் தள்ளிப்போடக் கூடாது என்பதும் சேர்ந்தே நினைவிருக்க வேண்டும். "ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் வெப்பம் பார்க்கவும்" என்ற விடை கனிவாகத் தோன்றினாலும் இங்கே தவறு.

எதற்கும் தெரிவித்துவிட்டு நிற்பதும் தவறு என்பதை உடனே சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரசவமான பெண்ணின் கருப்பை தொளதொளவென்று இருந்து ரத்தம் அதிகமாகப் போனால், முதலில் கருப்பையை அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். அது ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் மூத்திரப்பை நிரம்பியிருக்கக்கூடும் என்பதால் சிறுநீர் கழிக்க உதவ வேண்டும். கையைக் கருப்பையின் மேல் வைத்துக்கொண்டே குரல் கொடுத்து ஆள் அழைக்கலாம். சர்க்கரை 54 இருந்து, விழுங்கும் அளவுக்கு நினைவோடு இருப்பவருக்கு, விரைவில் உடலில் சேரும் மாவுச்சத்து 15 கிராம், அதாவது சுமார் அரை டம்ளர் பழச்சாறு கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். மயங்கியிருப்பவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. நான் மாணவியருக்குச் சொல்லும் உரைகல் இதுதான்: ஆள் வரும் வரை காத்திருந்தால் கெடுதல் நேருமா, அதைத் தடுக்கும் செயல் என் வரம்புக்குள் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் முதலில் கை, பிறகு வாய்.

ஆறாம் நிறுத்தத்தைப் பலர் எழுதாமலே நோட்டை மூடிவிடுகிறார்கள். திரவமும் மருந்தும் ஏறிய பிறகு இந்த அம்மாவிடம் எதைப் பார்த்தால் "தேறுகிறார்" என்று சொல்வீர்கள்? சிறுநீர் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லி, அதாவது 30 மில்லிக்குக் குறையாமல் இறங்க வேண்டும். ஊரின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும். நாடி இறங்கி பிரஷர் ஏற வேண்டும். காய்ச்சல் மட்டும் குறைந்தால் போதாது, ஏனென்றால் பாராசிட்டமால் கொடுத்தாலும் அது குறையும். மூச்சுத் திணறலும் நுரையீரலில் புதிதாகக் கொரகொர ஒலியும் வந்தால், திரவம் மிகுந்துவிட்டதோ என்று பார்க்க வேண்டும். மறுநாள் டியூட்டிக்குப் போனதும் அந்த நோயாளியின் உண்மையான நிலையைப் பார்த்து, நீங்கள் எதிர்பார்த்ததற்கு அருகில் எழுதுங்கள். எந்தக் கேள்வி வங்கியும் தராத பயிற்சி இது. வார்டில் வேலை செய்பவருக்கு மட்டுமே கிடைக்கும் வாய்ப்பு.

இருவராகப் படிக்கும்போது

தனியாக எழுதுவது வாரத்துக்கு நான்கு நாள் இருந்தால், ஒரு நாளாவது இன்னொருவரோடு உட்காருங்கள். ஒருவர் நோயாளியைப் பற்றி இரண்டே வரி சொல்ல வேண்டும். மற்றவர் கேட்டால்தான் அடுத்த தகவலைத் தர வேண்டும். ஒவ்வொரு முறையும் "இதை ஏன் கேட்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். "சும்மாதான் அக்கா" என்ற பதிலை ஏற்காதீர்கள். எடுத்துக்காட்டாக: 70 வயதுக்காரர், இதய பலவீனத்துக்கு டிகாக்ஸினும் ஃபூரோசமைடும் சாப்பிடுகிறார், குமட்டல் என்கிறார். எதிரில் இருப்பவர் நாடியைக் கேட்க வேண்டும், அதுவும் இதயத்தின் நுனியில் ஒரு முழு நிமிடம் எண்ணிய நாடியை. பிறகு பொட்டாசியத்தைக் கேட்க வேண்டும். நாடி 52, பொட்டாசியம் 2.9 என்று தெரிந்ததும், ஃபூரோசமைடு பொட்டாசியத்தைக் குறைக்கிறது, பொட்டாசியம் குறைந்தால் டிகாக்ஸினின் நச்சு கூடுகிறது, அந்த நச்சின் முகமே இந்தக் குமட்டல் என்று மூன்றையும் இணைத்து வாயால் சொல்ல வேண்டும். பொருள்கள் மஞ்சளாகத் தெரிகின்றனவா என்று அவராகவே கேட்டால் இன்னும் நல்லது. முடிவு, டிகாக்ஸினை நிறுத்திவைத்து உடனே தெரிவிப்பது. வெறும் குமட்டலுக்கு மாத்திரை தேடிப் போனவர் அந்த இடத்தில் நிறுத்தி மீண்டும் தொடங்கட்டும்.

கேள்வி வகைகளில் மதிப்பெண் முறை தெரிந்திருப்பது உதவும், ஆனால் அதற்கு ஒரு மாலை போதும். பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளில் சரிக்கு ஒரு மதிப்பெண் கூடும், தவறுக்கு ஒன்று குறையும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே காரணம் சொல்ல முடியாத பெட்டியைத் தொடாதீர்கள். இத்தனை தேர்ந்தெடுக்கவும் என்று எண்ணிக்கை கொடுத்திருந்தால் தவறுக்குக் கழிவு இல்லை, முழு எண்ணிக்கையையும் நிரப்புங்கள். போ-டை (bow-tie) என்ற வகையில் நடுவில் நோய் ஒன்று, ஒரு புறம் செய்ய வேண்டியவை இரண்டு, மறுபுறம் கண்காணிக்க வேண்டியவை இரண்டு. நடுவை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் இரு புறமும் போக வேண்டும். உங்கள் நோட்டின் ஆறு நிறுத்தங்களும் அதற்குள் அடங்கியிருப்பதைப் பார்ப்பீர்கள்.

நேரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 150 கேள்விகளும் வந்தால்கூடச் சராசரியாகக் கேள்விக்கு 2 நிமிடம் இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு நோயாளியை நோட்டில் எழுத முக்கால் மணி நேரம் ஆகும். ஆறு வாரம் விடாமல் எழுதினால் பெரும்பாலோர் கால் மணிக்கு வந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகே கடிகாரம் வைத்துக் கேஸ் ஸ்டடிகளைப் போடத் தொடங்குங்கள். இரவு டியூட்டி முடித்த காலையில் இந்தப் பயிற்சியைச் செய்யாதீர்கள். தூக்கமில்லாத மூளை பழைய விடையைத்தான் தேடும்.

சென்னை மையத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் தேர்வு நாள் அதிகாலையில் காட்பாடியில் ரயிலேறுவதை விட முதல் நாளே போய்த் தங்குவது நல்லது. உள்ளே நோட்டு கொண்டுபோக முடியாது. அழித்து எழுதக்கூடிய பலகை ஒன்றைத் தருவார்கள். கேஸ் ஸ்டடி திரையில் வந்ததும், கேள்வியைப் படிப்பதற்கு முன், அந்தப் பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் முன்பு, வலப்பக்கம் இப்போது என்று எழுதிவிட்டு, நர்ஸ் குறிப்பைப் படிக்கத் தொடங்குங்கள்.